மூன்று வில்லும் ஒரு மர வாங்கும்

வில்கமுவக்காரிக்குப் பொறுமை என்பது காசு கொடுத்தாலும் கிடைக்காத சாமான். அவள் ஊரான வில்கமுவவுக்குப் பஸ் எப்போதாவதுதான் வரும். வந்ததை விட்டால் அன்றைய நாளே போச்சு. அந்தப் பழக்கம் அவள் காலில் ஊறிவிட்டது என்று நாங்கள் கேலி செய்வோம். குழுவாக அம்பு எய்யும் போட்டிக்கு அந்த அவசரம் ஆகாது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கடிகாரம். எய்யும் இடத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். முன்னால் போனவள் எய்து முடித்து அந்தக் கோட்டுக்குப் பின்னால் வந்து சேரும்வரை அடுத்தவள் காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்குவார். திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது.

எங்கள் வரிசையில் முதலில் டவுன்காரி, அடுத்தது வில்கமுவக்காரி, கடைசியில் நான். ஆகவே அவளைக் கட்டி வைப்பது என் வேலையாயிற்று. அவள் சட்டையின் பின்பக்க நுனியை இரண்டு விரலால் பற்றிக்கொண்டு நிற்பேன். டவுன்காரி கோட்டைத் தாண்டித் திரும்பியதும் விட்டுவிடுவேன். வில்கமுவக்காரி பின்னால் திரும்பியே பார்க்கமாட்டாள், அவள் கண் இலக்கில் இருக்கும். சட்டை விடுபட்டால் போவாள், விடுபடாவிட்டால் நிற்பாள். பயிற்சியில் இதை எத்தனை தரம் செய்திருப்போம் என்று சொல்ல முடியாது. "என்னைய மாடு மாதிரி கட்டுறது" என்று தன் அரைகுறைத் தமிழில் சலித்துக்கொள்வாள். ஆனால் நான் பிடிக்க மறந்தால் அவளே கையைப் பின்னால் நீட்டி என் விரலைத் தேடுவாள்.

எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. டவுன்காரி மாத்தளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்து மகள். முக்காட்டுக்கு மேலே தொப்பியை அழுத்திக்கொண்டு எய்வாள். வில்கமுவக்காரி சிங்களத்தி, மகாவலிப் பக்கத்து வயல் குடும்பம். நான் தோட்டக்காரி. பலாபத்வலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீடு. பெரிய ரோட்டோரம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில், வெள்ளைக்காரர்களுக்கு எண்ணெய்ப் போத்தல் விற்கும் மேசையில் எனக்கு வேலை. உள்நாட்டுச் சண்டையின் கடைசிக் காலம் அது, வெள்ளைக்காரர் எங்கே வரப்போகிறார்கள்? போத்தல்களைத் துடைத்து அடுக்குவதும், அடுக்கியதை மறுபடி துடைப்பதுமாகப் பொழுது போகும்.

மாவட்ட விளையாட்டு அலுவலகத்தார் எங்களுக்கு மூன்று வில் இரவலாகக் கொடுத்திருந்தார்கள். பயிற்சி தம்புள்ளைப் பக்கம் ஒரு மைதானத்தில், வார இறுதிகளில். பழக்குகிறவரை மாஸ்டர் என்போம். கோபக்காரர், நல்ல மனுஷன். மைதானத்தில் சாமான் வைக்கப் பூட்டுள்ள அறை கிடையாது. எனவே வில்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் மைதானத்துக்கும் பஸ்ஸில் அலைய வேண்டும். வழியெல்லாம் இராணுவச் செக்பொயின்ட். ஆரம்பத்தில் அவரவர் வில்லும் அம்பும் அவரவரிடம் இருந்தன. ஒரு சனிக்கிழமை நாவுல பக்கம் ஒருவன் என் அம்புகளை ஒவ்வொன்றாக உருவி, முனையை விரலில் குத்திப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தான். அன்று பயிற்சி முடிந்த பிறகுதான் நான் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அதைக் கேட்டு மற்ற இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசனை வில்கமுவக்காரியுடையது. "அம்பு எல்லாம் என் கையில தா. சிங்கள ஆளு அம்பு கொண்டுபோனா ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். இந்த வில்லை மூன்றாகக் கழற்றலாம். நடுவில் கையால் பிடிக்கும் உலோகத் துண்டு. அதன் மேலும் கீழும் மாட்டுகிற வளைந்த பலகைகள், அவற்றை நாங்கள் இறக்கை என்போம். பிறகு நாண். எய்யும்போது வில் ஆடாமலிருக்க முன்னால் திருகி மாட்டும் நீளக் குழல் ஒன்றும் உண்டு. மூன்று வில்லின் அம்புகளும் வில்கமுவக்காரிக்கு, இறக்கையும் நாணும் டவுன்காரிக்கு, நடுத்துண்டுகளும் குழல்களும் எனக்கு என்று பங்கு பிரித்தோம்.

"குத்துறது ஒண்ணும் ஒன் பேக்ல இல்ல. வெறும் இரும்பு. அதப் பாத்து யாரு என்ன சொல்லப்போறா?" என்றாள் டவுன்காரி.

எனக்கு அன்று அழுகை வந்தது. பாசத்தோடு ஒருவர் நம் பாரத்தைத் தூக்கிக்கொள்வது எல்லாருக்கும் கிடைக்கிற ஒன்றல்ல. எங்கள் மூவர் மூளையும் சேர்ந்து அதற்கு மேல் ஓடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் தரம் மாஸ்டரே எங்கள் ரோட்டுக்கு வந்து, தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் சேரும் இடத்திலுள்ள செக்பொயின்ட் ஆட்களிடம் நடுத்துண்டைக் காட்டி விளக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தொல்லை இல்லை. அங்கிருந்த ஒருவன் அனுராதபுரத்துப் பக்கத்துப் பையன், "இன்னிக்கு நடுவுல எத்தனை விழுந்துச்சு அக்கா?" என்றுகூடக் கேட்பான். மாதக்கணக்கில் இப்படியே போய் வந்தோம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? என் மடியில் மூன்று வில்லின் கனம் இருந்தது, ஆனாலும் பயம் விட்டுப்போயிருந்தது.

அந்த வருஷம் அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து அணிகள் வந்து எங்கள் மைதானத்திலேயே ஒரு போட்டி நடந்தது. நடத்துகிற நாட்டுக்கு இரண்டு அணி இறக்கலாம் என்றார்கள். முதல் அணி கொழும்புப் பிள்ளைகள், அவர்களுக்கு ஹோட்டலில் அறை. இரண்டாவது அணி நாங்கள், எங்களுக்குப் பஸ். வில்கமுவவிலிருந்து தினமும் வர முடியாததால் அந்த நாட்களில் வில்கமுவக்காரி டவுன்காரி வீட்டில் தங்கினாள். அந்த வீட்டு உம்மா அவளுக்கென்று காரம் குறைத்துச் சமைத்தாராம். "அப்பிடியும் கண்ணுல தண்ணி வந்தது" என்று சொல்லிச் சிரித்தாள்.

முதல் நாள் நன்றாகப் போனது. பனி மலை நாடு ஒன்றிலிருந்து வந்த பெண்கள் எங்கள் பக்கத்து இலக்கில் எய்தார்கள். அவர்கள் ஊரில் வில் என்றால் திருவிழாவாம். ஒருத்தி நடுவில் அடித்தால் மற்றவர்கள் பாட்டுப் பாடி ஆடுவார்கள். எதிரணி நடுவில் அடித்தாலும் ஆடினார்கள், அதுதான் எங்களுக்கு வியப்பு. டவுன்காரியின் நாண் பிரி விடத் தொடங்கியபோது அவர்களில் உயரமான ஒருத்தி கேட்காமலே தன் பையிலிருந்து புது நாண் எடுத்து நீட்டினாள். எனக்குத் தெரிந்த விற்பனை மேசை ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். மறுநாள் குழுப் போட்டியில் முதல் சுற்றில் எங்களுக்கு எதிரணி அவர்களே என்று மாலையில் அறிவித்தார்கள். "நல்ல ஆக்கள்கிட்டத் தோத்தா வெக்கமில்ல" என்றாள் டவுன்காரி.

தனியாக எய்ததில் வில்கமுவக்காரி மேலே வந்துவிட்டாள். தேசிய முகாமுக்கு ஆள் எடுக்கிற பெரியவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, நாளைக்குத் தனிப் போட்டியில் இன்னும் ஒரு சுற்றுத் தாண்டிவிடு, உன்னை எடுத்துக்கொள்கிறோம் என்றார். கொழும்பில் தங்க இடம், பயிற்சி, விளையாட்டுப் பக்கமாக ஓர் அரசாங்க வேலை. அவள் வீட்டில் ட்ரக்டர் சொந்தமாக வைத்திருந்த ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். முகாம் கிடைத்தால் அது தள்ளிப்போகும், கிடைக்காவிட்டால் அறுவடை முடிந்ததும் கல்யாணம். "ஆளு நல்லவன்தான். ஆனா அவன் வீட்டுல வில்லு வைக்க இடம் இல்ல" என்றாள். அன்று பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு நான் மலையிலிருந்து இறங்கினேன். செக்பொயின்டில் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. அனுராதபுரத்துப் பையன் இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது: வெளிநாட்டு அணிகள் ரோட்டில் போய்வருவதால் பாதுகாப்பைக் கூட்டியிருக்கிறார்கள், பழைய ஆட்களை எடுத்துவிட்டுப் புதியவர்களைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் போட்டிக்காகத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது.

பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். மூன்று கறுப்பு உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கைக்கு அளவாகச் செதுக்கிய கைப்பிடி, திருகாணி போகும் ஓட்டைகள். கூடவே மூன்று நீளக் குழல்கள். நான் எத்தனையோ தரம் துடைத்துவைத்த சாமான்கள். அவர்களில் ஒருவன் ஒன்றைக் கையில் எடுத்து, கைப்பிடியைப் பற்றினான். பிறகு குழலை எடுத்து, ஓட்டையில் வைத்துத் திருகினான். சரியாகப் போய் உட்கார்ந்தது. ரோட்டைப் பார்த்து நீட்டினான். அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. அவன் கையில் இருந்தது சுடுகிற துவக்கு போலவே இருந்தது.

"மொனவத மே?" என்றான். இது என்ன என்கிறான்.

"வில்லு, சேர்" என்றேன், என் சிங்களத்தில்.

"வில்லா? நாண் எங்கே?"

"கூட உள்ளவங்ககிட்ட இருக்கு."

"அம்பு?"

"அது இன்னொருத்தர்கிட்ட."

"அவங்க எல்லாரும் எங்கே?"

என்ன சொன்னாலும் அது நான் சொல்லக் கூடாததாகவே வந்து விழுந்தது. சாமானைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு பங்காகக் கடத்துகிற கூட்டம் ஒன்றின் கதையை நானே வாக்குமூலமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போட்டிக்காரர்கள் கழுத்தில் மாட்டும் அட்டையைக் காட்டினேன். அவர்களில் மூத்தவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முழு வில்லோடு போயிருந்தால் குழந்தைகூட வில் என்று சொல்லியிருக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை.

"பொட்டக் இன்ன" என்றார் மூத்தவர். கொஞ்சம் இரு என்று அர்த்தம். மணல் மூட்டைகளை ஒட்டிக் கிடந்த மர வாங்கைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த வார்த்தையை அன்று முழுவதும் கேட்டேன். அதட்டலும் இல்லை, அடியும் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். மேலதிகாரி வர வேண்டும், அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை கொஞ்சம் இரு. அவ்வளவுதான்.

தம்புள்ளை பஸ் வந்தது. வழக்கம்போல் எல்லாரும் இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டை காட்டி, மறுபடி ஏற வேண்டும். அந்த வரிசையில் என் இரண்டு பேரும் அணிச் சட்டையோடு வந்தார்கள். டவுன்காரி தூரத்திலிருந்தே என்னைக் கண்டாள்.

"என்னத்துக்கு இங்க குந்தி ஈக்கிற?" என்றாள். என் பக்கத்தில் மேசையில் குழல் மாட்டிய நடுத்துண்டு கிடந்தது. அதைப் பார்த்தாள். "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வில்கமுவக்காரி நேரே மூத்தவரிடம் போனாள். அவளுக்குச் சிங்களம் தாய்மொழி, வாயும் அவசரம். இது வில், இதோ அம்பு, அதோ அவள் பையில் இறக்கை, இப்போதே மாட்டிக் காட்டுகிறோம் என்றாள். மூத்தவர் தலையாட்டினார். மூவரும் அந்த வாங்கில் உட்கார்ந்து மளமளவென்று மாட்டினோம். முதல் வில் சேர்ந்தது, நாண் ஏறியது. இளம் ஆட்கள் இரண்டு பேர் கிட்ட வந்து ஆவலாகப் பார்த்தார்கள், ஒருவன் சிரித்தான். எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது வில்லும் சேர்ந்தது. மூன்றாவதற்கு நாண் போடும்போது மூத்தவர் திடுக்கிட்டுக் கத்தினார். செக்பொயின்டுக்கு நடுவே மூன்று பேர் நாணேற்றிய வில்லோடும் அம்போடும் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். துண்டாக இருந்தால் துவக்கு, சேர்த்தால் ஆயுதம். நாங்கள் என்னதான் செய்வது?

அவர் கெட்டவரில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். வில் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் காலையிலேயே மேலே அறிவித்துவிட்டார், இனி மேலேயிருந்து ஆள் வராமல் அவரால் விட முடியாது. "நீங்க ரெண்டு பேரும் போகலாம். இந்தச் சாமானும், இந்தப் பிள்ளையும் இருக்கணும்" என்றார். அந்தப் பிள்ளை நான்.

அவர்கள் வந்த பஸ் போய்விட்டது. டவுன்காரியிடம் கைபேசி இருந்தது. மாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் போட்ட சத்தம் வாங்கில் இருந்த எனக்கும் கேட்டது. யார் யாருக்கோ பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். வெயில் ஏறியது. குழுப் போட்டிக்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் போய் நின்றாலும் அணி இல்லை. அது எங்கள் கண்முன்னாலேயே கைவிட்டுப் போனது. கடைக்காரன் ஒருவன் கொண்டுவந்த பிளேன்டியைக் குடித்து, பணிஸ் ரொட்டியை மூவரும் பிட்டுத் தின்றோம்.

யாரோ சொல்லி அம்மா மலையிலிருந்து ஓடி வந்தாள். கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொல்லிவிட்டார்கள். நின்றாள். வில்கமுவக்காரிதான் எழுந்து நின்று கத்தினாள், "அம்மா, பயம் வேணாம்! நாங்க இருக்கு!" அம்மா கும்பிட்டாள். அந்தக் கும்பிடு யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. தன் மகள் வயதுக்காரியைப் பார்த்து அம்மா கும்பிடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுபடி மாஸ்டர் பேசினார். இந்தத் தரம் கத்தவில்லை. பனி மலை நாட்டுப் பெண்கள் விஷயத்தைக் கேட்டு நடுவர்களிடம் போயிருக்கிறார்கள். குழுப் போட்டியைத் தள்ளிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் வில்கமுவக்காரியின் தனிப் போட்டி பின்னேரத்தில். அந்த உயரமான பெண்ணின் கை நீளமும் இவள் கை நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. தன் வில்லையே தருகிறேன், உடனே வரச் சொல்லுங்கள் என்கிறாள். அம்பு இவளிடமே இருக்கிறது. முகாம் பெரியவர்களும் சம்மதித்துவிட்டார்கள். "அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிடு" என்றார் மாஸ்டர்.

அடுத்த பஸ் அதிக நேரம் எடுக்கவில்லை. ஆட்கள் இறங்கி வரிசையாக நடந்தார்கள். வில்கமுவக்காரி அம்புக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். எனக்கு முன்னால், பஸ்ஸைப் பார்த்தபடி நின்றாள். நான் வாங்கில் அவளுக்குப் பின்னால் இருந்தேன். மூத்தவர் மேசையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மேலதிகாரி வரமாட்டாராம், ஜீப் வருகிறதாம், என்னைப் பொலிசுக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

"போடி" என்றேன். "போய்ச் சேரு. நான் எங்க போயிரப்போறேன்? இங்கதான் இருக்கப்போறேன். போ."

அவள் நின்றாள்.

"போன்னு சொல்றேன்ல? ஒனக்கு ட்ரக்டர்காரன் வீட்டுல நெல்லு அவிக்கணுமா? போயிருடி!"

வாய் அப்படிச் சொன்னது. உள்ளே நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்கிறேன். இவள் போனால் ஜீப்பில் ஒரு தமிழ்ப் பெண்ணும் துவக்கு மாதிரி மூன்று சாமானும்தான் போகும். அந்தக் காலத்தில் ஜீப்பில் போனவர்கள் திரும்பி வந்த கதையும் கேட்டிருக்கிறேன், வராத கதையும் கேட்டிருக்கிறேன். டவுன்காரி இருப்பாள். ஆனால் அவளும் தமிழ் பேசுகிறவள்தானே? இவள் சிங்களத்தில் வாய் திறந்து "எங்க வில்லு" என்று சொன்னால்தான் அதற்கு ஒரு மதிப்பு. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. ஆனாலும் போ என்றே சொன்னேன். நிஜமாகவே அவள் போக வேண்டும் என்று விரும்பினேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"நகின்ன, நகின்ன!" என்று ஏறச் சொல்லிக் கத்தினான் கொன்டக்டர். எல்லாரும் ஏறிவிட்டார்கள். அவன் எங்கள் அணிச் சட்டையைப் பார்த்துக் கையைக் காட்டி அழைத்தான். அவள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸை விடாத பிறவி அவள். பஸ் போயிற்று. அது வளைவில் மறைந்த பிறகும் நின்றுவிட்டு, பிறகு வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் அவளைத் திட்டினேன். மடச்சி, கழுதை, உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாய் என்று வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். டவுன்காரி எங்கள் இருவருக்கும் நடுவில் கையை நீட்டி, "போதும் விடு" என்று மட்டும் சொன்னாள்.

ஜீப் வந்தது. என்னை ஏறச் சொன்னார்கள். வில்கமுவக்காரி மேசையிலிருந்த நடுத்துண்டுகளில் ஒன்றைக் காட்டி, இது என்னுடையது என்றாள். டவுன்காரி இன்னொன்றைக் காட்டி, இது என்னுடையது என்றாள். ஒன்றுக்காக இவளைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் மற்ற இரண்டுக்கும் எங்களையும் கொண்டுபோங்கள் என்றார்கள். ஜீப்காரருக்கு இது பெரிய தலைவலியாகிவிட்டது. கடைசியில் மூவரையும் ஏற்றினார்கள். அம்மா ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள், அதற்குள் ஜீப் எடுத்துவிட்டது.

பொலிசிலும் ஒரு வாங்கு இருந்தது. அங்கேயும் "பொட்டக் இன்ன" என்றார்கள். பின்னேரத் தனிப் போட்டி இந்நேரம் தொடங்கியிருக்கும் என்று மூவருக்கும் தெரியும். வில்கமுவக்காரி வலது கையின் மூன்று விரல்களையும் மடித்து விரித்து, மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். நாண் இழுக்கிற விரல்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சுவரைப் பார்த்தேன்.

சாயங்காலம் பெரிய அதிகாரி வந்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்த உடனேயே சிரித்துவிட்டார். "ஆ, ஆர்ச்சரி!" என்றார். டீவியில் பார்த்திருக்கிறாராம், அவர் மகனுக்கு ரொம்பப் பிடிக்குமாம். ஒன்றுமில்லை பிள்ளைகளே, சின்னத் தவறு, போய் நன்றாக எய்யுங்கள் என்று மூவருக்கும் கைகொடுத்தார். விடிந்ததிலிருந்து நாங்கள் வாங்கு தேயத் தேய உட்கார்ந்திருந்த விஷயம் அவருக்கு ஒரு சிரிப்பில் முடிந்துவிட்டது. கோபப்படக்கூட என்னிடம் தெம்பில்லை. கையைக் கொடுத்தேன், நன்றி சேர் என்றும் சொன்னேன்.

மைதானத்தில் நடந்ததை மாஸ்டர் பிறகு சொன்னார். ஒலிபெருக்கியில் எங்கள் பெயர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம். எங்கள் பக்கத்துக் கோட்டில் யாரும் இல்லாமலே கடிகாரத்தை ஓடவிட்டார்களாம். அது ஓடி முடியும்வரை பனி மலை நாட்டுப் பெண்கள் மூவரும் அம்பைத் தொடாமல் எங்கள் இலக்கைப் பார்த்தபடி நின்றார்களாம். பிறகுதான் எய்தார்களாம். நடுவில் விழுந்தபோது அன்று அவர்கள் பாடவில்லையாம். பின்னேரம் அந்த உயரமான பெண் தன் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எங்கள் மூவரின் பெயருக்கும் நேரே வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். பலாபத்வல வரைக்கும் வந்தோம் என்று எழுத அதில் இடம் கிடையாது.

முகாமுக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள். அடுத்த தரம் பார்க்கலாம் என்று சொன்ன பெரியவர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. அறுவடை முடிந்தது. கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போக முடியவில்லை. அந்த வாரம் ஏதோ குண்டு வெடித்து ரோட்டை மூடிவிட்டார்கள். வில்களை மாவட்டத்துக்காரர்கள் திரும்பக் கேட்டார்கள், முழுதாக மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சண்டை முடிந்த வருஷம், எங்கள் ரோட்டில் மணல் மூட்டைகளை எடுத்த பிறகு, நானும் டவுன்காரியும் வில்கமுவவுக்குப் போனோம். பஸ்ஸுக்குக் காத்து, பஸ்ஸில் காத்து, கடைசித் தூரம் ஒரு ட்ரக்டர் பெட்டியில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். அவள் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். கறுத்திருந்தாள். அந்த ஆளும் நல்லவன்தான், எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போனான். நாங்கள் மூவரும் பழையதெல்லாம் பேசிச் சிரித்தோம். செக்பொயின்ட் மூத்தவர் மூன்றாவது வில்லைக் கண்டு துள்ளியதை டவுன்காரி நடித்துக் காட்டினாள்.

எத்தனையோ நாள் என் நெஞ்சில் கிடந்ததை அப்போது கேட்டேன். "அன்னிக்கு நான் அவ்வளவு சொல்லியும் ஏன்டி போகாம நின்ன? அந்தப் பஸ்ஸுல போயிருந்தா இன்னிக்கு நீ எங்கேயோ இருந்திருப்ப."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் இப்படிக் கேட்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

"நீ எங்க விட்டது?" என்றாள். "போ போன்னு கத்தினது. என் சட்டை விடல்லியே."

நான் டவுன்காரியைப் பார்த்தேன். அவள் இளநீர்க் கோம்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றாள் மெதுவாக. "பஸ் போன பொறகும் நீ புடிச்சிக்கிட்டுத்தான் இருந்த."